அய்யா கட்டிலிலிருந்து விழுந்த அன்று

ஆத்தா இருந்தாள். அத்தை இருந்தாள், அய்யாவுக்கு மூத்தவள். அண்ணன் இருந்தான். நான் இருந்தேன். இத்தனை பேர் இருந்தும் அய்யா விழுந்துவிட்டார்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருசம் இருக்கும். ராமநாதபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரி. அய்யாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். இரண்டு கண்ணையும் கட்டியிருந்தது. தலை அதிர்ந்தால் தையல் விட்டுவிடும், பார்வை போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இடது கண் முன்னமே போனது. மிச்சம் அந்த ஒன்றுதான்.

அய்யா காலமெல்லாம் பாயில் படுத்தவர். மத்தியானம் கண்ணசந்தவர், வீட்டு நினைப்பில் புரண்டு எழுந்தார். கட்டில் முடிந்துபோனது.

அண்ணன் தூக்க ஓடினான். நான் மறித்தேன்.

"எங்க அடின்னு தெரியாமத் தூக்காதண்ணே."

பனையிலிருந்து விழுந்தவனை எங்கள் ஊரில் அவசரமாகத் தூக்கி, அவன் கால் கோணிப்போனதைப் பார்த்தவள் நான்.

அதற்குள் அத்தை, விழுந்த இடத்தில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டாள். திருவாடானைப் பக்கம் எங்களுக்கு அது வழக்கம். பயம் தெளியுமாம்.

அய்யா தரையில் கிடந்தபடியே, "டாக்டருட்டச் சொல்லாதிய. மறுபடி கத்தியத் தூக்கிருவாரு" என்றார்.

"ஆமாத்தா, ஏசுவாக" என்றாள் ஆத்தாளும்.

ஏச்சு ஆறிவிடும். கண் போனால் வராது. நான் சொல்லப் போனேன்.

முதலில் வந்த நர்சம்மா ஈரத்தில் வழுக்கிக் கட்டிலைப் பிடித்துக்கொண்டார்.

"யாரு தண்ணிய ஊத்துனது? நானும் விழணுமா?"

"விழுந்தா ஒங்களுக்கும் ஒரு செம்பு ஊத்துவோம் தாயி" என்றாள் அத்தை.

டாக்டர் ஏசவில்லை. எந்தப் பக்கம் விழுந்தார், தலை பட்டதா என்று கேட்டார். பார்த்ததைச் சொன்னேன். இடுப்பையும் காலையும் அமுக்கிப் பார்த்தார்.

"எலும்பு தப்பிச்சது. தூக்காம விட்டதும் நல்லது. இனிமே இவருக்குக் கட்டில் வேணாம், பாயப் போடுங்க."

பிறகு கண்கட்டை அவிழ்த்தார். எங்களைச் சுவரோரம் நிற்கச் சொன்னார். அண்ணனை மட்டும் வெளியே போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அண்ணன் சத்தமில்லாமல் போனான்.

"பெரியவரே, சுவரோரம் எத்தனை பேர் நிக்கிறாங்க?"

அய்யா சுவர்ப் பக்கம் பார்த்தார். அத்தை வாயைத் திறந்தாள். நான் பொத்தினேன். ஆத்தா என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

"மூணு."