மகளின் மெயிலும் அண்ணனின் மூக்கும்

இலையில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது என் அண்ணன் என் மகளிடம் கேட்டார்: "என்னம்மா, சயன்ஸ் வேணாம், டிராமாதான் படிக்கப் போறியாமே?"

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடை, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், மேசையைச் சுற்றி மொத்தக் குடும்பம். மகள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பதினான்கு வயதுக் கண்களில் அப்படியொரு வெறுப்பு. அந்த விஷயத்தை அவள் தன் தோழிக்கு மட்டும்தான் மெயிலில் எழுதியிருந்தாள். எங்கள் குடும்பத்து மெயில் சர்வரை நடத்துவது நான். வேறு யாரைச் சந்தேகப்படுவாள்?

உட்லண்ட்ஸில் எங்கள் வீட்டுச் செருப்பு அலமாரிக்கு மேலே இருக்கிறது அந்த சர்வர், ஒரு சின்னப் பெட்டி. விளம்பரக் கம்பெனிகள் பிள்ளைகளை மோப்பம் பிடிக்க வேண்டாம் என்று நானே அமைத்தது. மகளோடு உட்கார்ந்து பேசி ஒரு விதி வைத்திருந்தேன். தெரியாதவர்களின் மெயில் சர்வரிலேயே நிற்கும், நான் பார்த்து விட்டால்தான் அவளுக்குப் போகும். தெரிந்தவர்களின் மெயிலை நான் தொடவே மாட்டேன். எனக்கு உடம்புக்கு முடியாமல் போனால் யாராவது பார்க்க வேண்டுமே என்று பாஸ்வேர்ட் அண்ணனிடமும் இருந்தது.

"உங்களுக்கு யாரு சொன்னா?" என்றேன்.

"அவ மெயில் எல்லாம் எனக்கும் ஒரு காப்பி வர்ற மாதிரி செஞ்சு வெச்சிருக்கேன் லா. பொம்பளப் பிள்ள, பாதுகாப்பு வேணாமா?" என்று சாவகாசமாக அப்பளத்தை நொறுக்கினார்.

வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, பாதுகாப்பாம்! எனக்கு உச்சி முதல் பாதம் வரை பற்றிக்கொண்டு வந்தது. இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

எம்ஆர்டி ரயிலில் மகள் ஒரே வாக்கியம்தான் பேசினாள். "பாஸ்வேர்ட் குடுத்தது நீங்கதானே?"

வீட்டுக்கு வந்ததும் சர்வரைத் திறந்தேன். மனிதர் தனக்குக் காப்பி அனுப்பும் விதியை என் விதிக்கு மேலே போட்டிருந்தார். அவருக்குக் காப்பி போன மெயில் எதுவும் என் விதியிடம் வந்து நிற்காமல் நேராக மகளுக்குப் போயிருக்கிறது. தெரியாதவர்களின் மெயில் உட்பட. அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

அவள் முகம் மாறியது. "ஒண்ணு வந்துச்சும்மா. நீங்க பாத்துதான் விட்டிருப்பீங்கன்னு நெனச்சு ரிப்ளை பண்ணிட்டேன்."

ஒரு நொடியில் நானே சர்வரில் எடுத்துப் படித்திருக்கலாம். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவளே போனை நீட்டினாள். "இத மட்டும் படிங்க."

அதை மட்டும் படித்தேன். நாடகப் போட்டி நடத்துகிறானாம் எவனோ. எந்தப் பள்ளி என்று கேட்டிருக்கிறான், இவள் சொல்லியிருக்கிறாள். அடுத்த மெயிலில் யூனிஃபார்மோடு ஒரு போட்டோ வேண்டுமாம். அதற்கு அவள் இன்னும் பதில் எழுதவில்லை, நல்லவேளை.

அண்ணனுக்குப் போன் அடித்து, அந்த மெயிலைப் பார்த்தாரா என்று கேட்டேன்.

"அதுவா? பாத்தேனே. இங்கிலீஷ் நல்லா இருந்துச்சு, ஸ்கூல் டீச்சர்னு நெனச்சேன்."

"அவ ஃப்ரெண்டுக்கு எழுதினத வரி விடாம படிச்சிருக்கீங்க, இத மட்டும் டீச்சர்னு விட்டீங்களா? வெக்கமா இல்ல?" மூத்தவர் என்றும் பார்க்காமல் கத்தினேன். இப்போது நினைத்தாலும் குரல் உயர்கிறது.

போலீசிலும் பள்ளியிலும் சொன்னோம். பாஸ்வேர்டை மாற்றினேன், எங்கள் சர்வரில் இருந்த அண்ணனின் மெயில் கணக்கையும் மூடினேன். "கூடப் பொறந்தவன இப்படியா செய்வ?" என்று குதித்தார். குதிக்கட்டும்.

சில நாள் கழித்து, தெரியாத முகவரியிலிருந்து மகளுக்கு ஒரு மெயில் வந்து சர்வரில் நின்றது. அண்ணன்தான். வேறெங்கோ புதுக் கணக்கு தொடங்கி, மன்னிச்சிடும்மா என்று எழுதியிருந்தார். இந்த முறை நானே முடிவு செய்யாமல் மகளிடம் கேட்டேன். "பெரியமாமா எழுதியிருக்காரு. விடட்டுமா?"

அவள் பாடப் புத்தகத்திலிருந்து தலை தூக்கவில்லை.

"வேணாம்மா. அங்கேயே நிக்கட்டும்."