மெயினை அணைத்துவிட்டு வந்த மனுஷர்

படகுத்துறையில் என் வீட்டுக்காரருக்குப் பெயர் ‘அணைச்சாச்சா’. வாசலுக்கு வெளியே ஒரு கால் வைத்தால் போதும், “லைட்டு அணைச்சாச்சா? ஃபேன் அணைச்சாச்சா?” என்று ஆரம்பித்துவிடுவார். நான் குளித்துக்கொண்டிருக்கும்போதே குளியலறை விளக்கை அணைத்துவிட்டுப் போன மகானுபாவர்!

காலமெல்லாம் அடுத்தவர் படகை ஓட்டியவர், போன வருஷம்தான் சொந்தமாக ஒன்று வாங்கினார். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஆள் ஏற்றுகிற சின்னப் படகு. அதுதான் எங்களுக்குச் சோறு போடுகிறது.

படகின் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கும். அதை வெளியே தள்ள ஒரு பம்பு. தண்ணீர் ஏறினால் மிதந்து எழும்பி, அந்தப் பம்பைத் தானாக ஓடவைக்க ஒரு ஃப்ளோட் சுவிட்ச். உள்ளங்கை அளவு சாமான். அதை வாங்கப் போன அன்று என் மானமே போயிற்று. கடைக்காரரிடம் ஒரு வாளித் தண்ணீர் கேட்டு, கடையில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக முக்கிப் பார்த்தார். ஒன்று எழும்பத் தாமதம், ஒன்றுக்கு மூட்டு இறுக்கம்.

“பொண்ணு பார்க்க வந்தப்பகூட இவ்வளவு பார்க்கலையே நீங்க!” என்றேன்.

“அங்க பார்க்காம விட்டதுக்குத்தான் இங்க பார்க்கிறேன்” என்றார். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

வாராவாரம் அதற்கு உபசாரம் வேறு. எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, சிக்கிய நூலையும் முடியையும் எடுத்து, வயர் முனைகளைத் துடைத்து, கடைசியில் ஒரு வாளித் தண்ணீரைப் படகுக்குள்ளேயே கொட்டுவார். பம்பு ஓடுகிற சத்தம் கேட்கும்வரை அசைய மாட்டார்.

“விரலால தூக்கிப் பார்த்தா போதாதாண்ணே? ஊரே படகுலேர்ந்து தண்ணிய வெளிய ஊத்துது, நீங்க உள்ள ஊத்துறீங்களே!” என்பார் பக்கத்துப் படகுக்காரர்.

“படகுல ஏறப்போறது விரலா, தண்ணியா?” என்பார் இவர்.

அன்று நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். சாப்பிட்டுக் கை கழுவவில்லை, பிடித்தது மழை. வானமே பொத்துக்கொண்ட மாதிரி! பக்கத்துப் படகுக்காரர் போன் செய்தார்.

“அண்ணி, என் படகையே என்னால காப்பாத்த முடியல. உங்க படகை யாரு பார்க்கிறது? உடனே கிளம்பி வாங்க!”

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அப்போதுதான் இவர் சட்டைப்பையைப் பார்த்தேன். அணைத்தால் மட்டுமே கழன்று வருகிற படகின் மெயின் சுவிட்ச் சாவி அதில் எட்டிப் பார்த்தது.

“மெயினை அணைச்சிட்டா வந்தீங்க?”

“ஆமா, அணைச்சேன். அதுக்கு...”

“அடப்பாவி மனுஷா! மெயினை அணைச்சா பம்பு எப்படி ஓடும்? ஃப்ளோட்டு மிதந்து என்ன பிரயோஜனம்?”

“சொல்றதக் கேளு...”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம்! அணைச்சு அணைச்சே நம்ம பொழப்பையும் அணைச்சிட்டீங்க!”

வழிநெடுகத் திட்டிக்கொண்டே ஓடினேன். அழுகை வேறு. அவரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார்.

துறையில் பக்கத்துப் படகு விளிம்புவரை முழுகிக் கிடந்தது. எங்கள் படகு? ஐயோ, என்னவென்று சொல்வேன்! ஜம்மென்று மிதந்துகொண்டிருந்தது. பக்கவாட்டு ஓட்டையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. பம்பு ஓடுகிறது! நடு மழையில் நின்று கைதட்டிக் கத்தினேன்.

“எப்படிங்க? மெயின்தான் ஆஃப்ல இருக்கே!”

“ஃப்ளோட்டுக்கு மட்டும் பாட்டரியிலேர்ந்து நேரா வயர் இழுத்திருக்கேன். நடுவுல ஒரு ஃப்யூஸ், அவ்வளவுதான். குப்பை ஏதும் மாட்டியிருக்கக் கூடாதேன்னுதான் ஓடிவந்தேன்.”

“இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“நீ எங்க சொல்ல விட்ட?”

உள்ளே தண்ணீர் ஊற்றுகிற அதே வாளியை எடுத்துக்கொண்டு பக்கத்துப் படகுக்குத் தாவினார். நானும் ஒரு சட்டியோடு இறங்கினேன். வாரி ஊற்றிக்கொண்டே சொன்னார்:

“கண்ணுல படுற சுவிட்சையெல்லாம் அணைக்கிற ஆளு நான். அதான் அந்த வயருக்கு மட்டும் அணைக்கிற சுவிட்சே வைக்கல. என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?”