வெள்ளைப் பெட்டிக்குப் பூசிய பச்சை

போன கிழமை மகள் வாசல் கேற்றுக்கு அடிக்கப் பெயின்ற் வாங்கி வந்தாள். மூடியை நெம்பித் திறந்ததும் அந்த வாசம் எழும்பி மூக்கில் ஏறியது. எட்டிப் பார்த்தேன். பச்சை.

"வேற நிறம் மாத்திக்கொண்டு வா பிள்ளை."

"ஏனப்பா, பச்சை வடிவுதானே?"

வடிவுதான். வளவுக்குள் இறங்கி, இல்லாத வேலை ஒன்றைத் தேடினேன். அறுபது தாண்டிய மனிசன் ஒரு ரின் பெயின்றுக்குப் பயந்து ஓடினால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரித்துவிட்டுக் கதையைக் கேளுங்கள்.

திருகோணமலைத் துறைமுக வாயிலில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் முனையில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெள்ளைக்காரன் பெரிய பீரங்கிகளைக் கொண்டுவந்து வைத்தான். நிலத்துக்கடியில் குண்டு அறைகள், மேலே கடலைப் பார்க்க இரண்டு தட்டுச் சீமெந்துக் கட்டடம். எல்லாம் கட்டி, ஜப்பான்காரன் கப்பலில் வருவான் என்று காத்திருந்தான். அவனோ ஆகாயத்தால் வந்து குண்டு போட்டுவிட்டுப் போய்விட்டான். பிறகு போரும் முடிந்தது, வெள்ளைக்காரனும் போனான், பீரங்கிக் குழிகளில் மழைத்தண்ணீரும் தவளைகளும் குடியேறின. அந்தக் கட்டடம் மட்டும் ஒரு பிரயோசனத்துக்கு வந்தது, அதுவும் எங்கள் சல்லி ஊர் மீன்பிடிகாரருக்கு. சுண்ணாம்பு பூசிய சுவர், தூரத்தில் பெட்டி வைத்த மாதிரித் தெரியும். ஊரில் அதற்குப் பெயர் வெள்ளைப் பெட்டி.

சல்லியிலிருந்து கிழக்கே வள்ளம் விட்டால் தெற்கில் கோணேசர் கோயில் மலை தெரியும். முனை அந்த மலைக்குப் பின்னால் மறைந்திருக்கும். வெளியே போகப் போக, மலையின் ஓரத்தால் வெள்ளைப் பெட்டி மெல்லத் தலை நீட்டும். அப்பாவின் நாளில் அது தெரிந்தால் தூண்டிலைப் போட வேண்டும். அடியில் மீன் கூடும் கல்லுத்தரை. பிறகு எங்கள் நாட்டுச் சண்டைக் காலத்தில் கடற்படை கடலுக்கும் எல்லை போட்டது, தாண்டினால் சூடு. அந்த இடமே எல்லையும் ஆயிற்று.

"பெட்டி தெரிஞ்சா வள்ளத்தைத் திருப்பு. மீன் துள்ளினாலும் பாராதை" என்பார் அண்ணா.

அவர் எனக்குச் சொல்லிப் பிரயோசனமில்லை. வள்ளத்தில் ஏறினால் எனக்குக் குடல் வாய்க்கு வரும். கடலுக்குப் போய் வாந்தி எடுத்த மீன்பிடிகாரன் என்று ஊரே சிரித்தது. அதனால்தான் ரவுனில் ஒரு பெயின்ற் கொந்தராத்துக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அண்ணா ஒன்றுதான் கேட்டார்: "எங்கை எண்டாலும் வேலை செய். நேவிக் காம்புக்குள்ள மட்டும் போகாதை."

ஒருநாள் காலை லொறி எங்களை ஏற்றிக்கொண்டு முனைக்குப் போனது. பழைய பீரங்கிக் கோட்டை அப்போது கடற்படைக் காம்ப். உள்ளே பார்த்ததை வெளியே கதைக்க வேண்டாம் என்று கொந்தராத்துக்காரர் லொறியிலேயே சொல்லிவிட்டார். வீட்டில் நான், சீனன்குடாவில் ஒரு வீட்டுக்குப் பெயின்ற் அடிப்பதாகச் சொன்னேன். மத்தியானம் சோறும் ரின் மீன் குழம்பும் தந்தார்கள். சல்லியில் பிறந்தவன் ரின் மீனுக்கு மயங்கினேன், வெட்கக்கேடு.

கடலிலிருந்து தெரியாதபடி வெள்ளைப் பெட்டியைப் பச்சையாக்குவதுதான் எங்கள் வேலை. "ஒரு பூச்சுக் காணும்" என்றார் கொந்தராத்துக்காரர். வடக்குச் சுவரில் பச்சைக்குள்ளால் வெள்ளை லேசாகத் தெரிந்தது. எனக்கு வேலை என்றால் திருத்தமாக இருக்க வேண்டும். "இன்னொண்டு அடிச்சு விடுறன்" என்று திரும்பவும் சாரத்தில் ஏறினேன். நேரே வடக்கில் கோணேசர் மலை தெரிந்தது. கும்பிட்டுவிட்டு அடித்தேன். அந்த மலைக்குப் பின்னால் எங்கள் வள்ளங்கள் நிற்கும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

மூன்றாம் நாள் அண்ணாவின் வள்ளத்தை இன்னொரு வள்ளம் இழுத்துக்கொண்டு வந்தது. அண்ணா உள்ளே கிடந்தார். கூடப் போனவர் தோளில் இரத்தத்தோடு கரையில் இருந்து புலம்பினார்: "பெட்டியைப் பாத்துக்கொண்டுதான் போனனாங்கள். வெள்ளை தெரியவே இல்லை. சூடு விழுந்த பிறகுதான் கண்டனான், பச்சை அடிச்சுக் கிடக்கு."

செத்த வீட்டில் அண்ணி அழவில்லை. ஈரத் துணியால் அண்ணாவின் முகத்தைத் துடைத்தபடி, "பச்சை அடிச்சவன்ர கை அழுகிப் போகோணும்" என்றா. பக்கத்தில் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். என் நகக்கண்ணில் பச்சை இருந்தது. தட்டை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய், மண் போட்டு இரத்தம் வரும்வரை தேய்த்தேன்.

பிறகு அந்த வீட்டை நான்தான் பார்த்தேன். ஊர் என்னைத் தங்கமான தம்பி என்றது. எத்தனையோ தரம் வாயெடுத்தேன்.

"அண்ணி, ஒரு கதை சொல்லோணும்."

"சாப்பிட்டிட்டுச் சொல்லுங்கோ தம்பி."

சாப்பிட்டதும் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேன். கோழை. கை அழுகவும் இல்லை. அழுகியிருந்தால் அண்ணிக்குத் தானாகவே விளங்கியிருக்கும்.

அண்ணி முந்தின வருஷம் செத்துப் போனா. போன மாதம் கோணேசர் கோயிலுக்குப் போனபோது மலையில் நின்று முனையைப் பார்த்தேன். உப்புக் காற்றில் மற்றச் சுவர்களெல்லாம் உரிந்து வெள்ளையாகிவிட்டதாகக் கடலுக்குப் போகிறவர்கள் சொல்கிறார்கள். மலையிலிருந்து எனக்குத் தெரிந்தது நான் இரண்டு தரம் அடித்த வடக்குச் சுவர். அது இன்னும் பச்சை.

அந்த எல்லை இப்போது இல்லை. வள்ளத்தில் வழி காட்டக் கருவி இருக்கிறது. மலை ஓரத்தைப் பார்த்துத் திரும்புகிறவர் ஒருவரும் இல்லை, வெள்ளைப் பெட்டி என்றால் இளசுகளுக்கு விளங்காது. அந்தக் கையைச் சபித்த மனிசியும் இல்லை. அது என்ர கைதான் அண்ணி என்று இனி யாரிடம் சொல்வேன்?