வேணுஜாவின் அடைப்புக்குறிகள்

பென்சிலின் பின்முனை திரையில் முதல் அடைப்புக்குறியைத் தொடுகிறது. நான்கு வரி இறங்கி, மூடும் குறியையும் தொடுகிறது. அதன் பின்னால் நிற்கும் '&' குறியை மட்டும் வேணுஜா விரலாலேயே தொட்டுப் பார்ப்பாள். "பூட்டியாச்சு" என்று தனக்குத்தானே சொன்ன பிறகுதான் என்டரைத் தட்டுவாள்.

டிரெஸ்டனில் ஓர் ஆய்வுக்கூடத்தின் லினக்ஸ் சேர்வர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பல வரிக் கட்டளைகளை அடைப்புக்குறிக்குள் போட்டு, கடைசியில் அந்த ஒற்றைக் குறியை வைத்துவிட்டால், அவை பின்னணியில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்; ஆள் எழுந்து போகலாம். வேணுஜா போகமாட்டாள். தேநீர்க் கோப்பையோடு கடைசிவரை காவல் இருப்பாள். பிறகெதற்குப் பின்னணி என்று கூட வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள். ஹம்பேர்க்கிலிருந்து அம்மா அழைத்தாலும் ஒரே பதில்தான்: "ஓடிக்கொண்டிருக்குது அம்மா, இப்ப எழும்ப ஏலாது."

ஆறு வருடங்களுக்கு முன்பு எழுந்து போனவள்தான். அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு மத்தியான ரயிலைப் பிடிக்க வேண்டும். அதற்குள் ஆய்வு மாணவி சந்திராவின் அளவீடுகளைப் புதிய வட்டுக்கு மாற்ற வேண்டும். முதல் வரி நகலெடுக்கும், இரண்டாவது வரி பழையதை அழிக்கும். அவசரத்தில் அடைப்புக்குறி போடவில்லை; '&' முதல் வரியின் கடைசியிலேயே விழுந்துவிட்டது. நகலெடுப்பு பின்னணிக்குப் போக, அழிப்பு அதற்காகக் காத்திருக்கவில்லை. வேணுஜா அப்போது கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை வந்து பார்த்தால், இரண்டு குளிர்காலத்து அளவீடுகளில் மிச்சம் பதினொரு கோப்புகள்.

சந்திரா சென்னைக்காரி, நாலு வயது மூத்தவள், மத்தியானச் சாப்பாட்டுக்குத் துணை. "சந்திராக்கா, என்ர பிழை. நான் இருந்து பாத்திருக்க வேணும்" என்று அவள் முன்னால் போய் நின்றாள் வேணுஜா.

"பரவால்ல வேணு. நானும் ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கணும்."

திரும்ப அளக்க இரண்டு குளிர்காலம் வேண்டும். சந்திராவின் ஒப்பந்தத்தில் ஐந்து மாதம்தான் பாக்கி. பட்டம் வாங்காமலே ஊருக்குப் போனாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும். அந்தப் 'பரவால்ல'தான் வேணுஜாவுக்கு இன்றுவரை ஆறவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் அவளுக்கு வாழ்த்து எழுதுவாள், அனுப்பாமல் அழித்துவிடுவாள்.

வேலையை விட்டுப் போனவர்களின் கோப்புறைகளை ஜனவரியில் நீக்குவது வழக்கம். அலுவலகத்திலிருந்து பெயர்ப் பட்டியல் வரும். ஒரு பெயர் மட்டும் ஆறாவது வருடமாக வருகிறது. அதில் ஏதோ வேலை பாக்கி என்று வேணுஜா வருடா வருடம் சொல்லிவைக்கிறாள். அந்தப் பதினொரு அரைகுறைக் கோப்புகளால் யாருக்கும் பயனில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

இந்த வருடம் பதினேழு பெயர்கள். ஒன்பதாவது வரியில் கை நின்றது. சந்திராவின் பெயருக்கு முன்னால் ஒரு '#' வைத்தாள். கட்டளை அந்த வரியைத் தொடாமல் தாண்டிப் போய்விடும். பிறகு பென்சிலைத் தேடி எடுத்தாள்.