கறுப்பியின் வயிற்றுப் பூச்சி

உப்புப் போட்ட ஈரத்தோலின் வாடையும் கோழிப்பீயின் காரநெடியும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறினால்தான் எனக்குத் தாராவியில் எங்கள் வீட்டின் பின்பக்கம் நினைவுக்கு வரும். தோல் பதனிடும் கொட்டகையின் சுவருக்கும் எங்கள் தகரத் தடுப்புக்கும் நடுவே கிடந்த அந்தத் துண்டு நிலத்தில், அறுபதுகளின் நடுவில், அம்மா கோழி வளர்த்தாள். கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள், இந்தி தெரியாத பயத்தில் எங்கள் சந்து முனையைத் தாண்டித் தனியாகப் போனதே இல்லை. காய்கறி, துணி, மருந்து எல்லாம் அப்பாவின் பொறுப்பு. கோழிகள் மட்டும் அவளுக்கே அவளுக்கு. சந்தில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் முதல் முட்டை எங்கள் வீட்டிலிருந்துதான் போகும்.

அந்த மழைக்காலம் முடிந்தபோது கோழிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோயின. இரை எடுத்தும் நெஞ்செலும்பு கத்தி போலத் துருத்திக்கொண்டது, கொண்டை வெளுத்தது, முட்டை நின்றது. அம்மா வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டிக் கொடுத்தாள், பூண்டு நசுக்கிப் போட்டாள். ஒரு சேவல் செத்தே போயிற்று. அதன் குடலைக் கீறிப் பார்த்தவள், வேகவைத்த சேமியாவைப் போல உள்ளே நெளிந்ததைக் கண்டு, "ஏட்டி, எல்லாம் பூச்சி" என்று என்னிடம் சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"மிச்சத்த கசாப்புக் கடையில தள்ளிருவோம். இல்லன்னா வண்டிக்காரன் குதிரையக் கொண்டு போற மாதிரி பரேல் மாட்டாஸ்பத்திரிக்குத்தான் போவணும். ஒரு கோழிக்காவ எவன் போவான்?" என்றார் அப்பா.

"நான் போறேன்" என்றாள் அம்மா. அப்பா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை, இருப்பதிலேயே மெலிந்திருந்த கறுப்பியைத் துணிப்பையில் தலை மட்டும் வெளியே தெரிய வைத்து, பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் இந்தி பழகியிருந்த என்னைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மா பஸ் ஏறினாள். கண்டக்டர் பையைப் பார்த்ததும் "முர்கி நஹி சலேகா!" என்று மணியடிக்கப் போனார்.

"என்னட்டி சொல்லுதான்?"

"கோழிய ஏத்த மாட்டானாம்மா."

"கோழின்னு ஏன் பாக்கான்? சீக்காளின்னு சொல்லு."

நான் எழுந்து நின்று, "பீமார் ஹை, தவாகானா ஜானா ஹை" என்றேன், சீக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்று. சீக்காளி அந்த நேரம் பார்த்துக் கழுத்தை நீட்டி ஒரு கேவல் கேவியது. பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் மட்டும் முகத்தை இறுக்கிவைத்துக்கொண்டு, "இதற்கும் டிக்கெட் வேண்டுமா?" என்று இந்தியில் கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் எங்கள் இருவருக்கும் மட்டும் கிழித்துக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் நடுவே எங்கள் முறை வந்தது. மராட்டிக்கார டாக்டர் கறுப்பியின் அலகைத் திறந்து பார்த்தார், நெஞ்சைத் தடவினார், "கோழி நிற்கும் தரை ஈரமா?" என்று கேட்டார். பிறகு ஒரு பொடியைக் கொடுத்தார். இரவே தண்ணீர்ச் சட்டியை எடுத்துவிட வேண்டும்; காலையில் தாகத்தோடு வரும்போது மருந்து கலந்த தண்ணீரை மட்டும் வைக்க வேண்டும்; சீக்கானதற்கு மட்டுமல்ல, எல்லாக் கோழிக்கும்; சில வாரம் கழித்து இன்னொரு தடவை; தான் சொல்லும்வரை முட்டையைத் தின்னக் கூடாது. நான் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வீடு திரும்பியவள் நனைந்த மண்ணைச் சுரண்டி அள்ளிவிட்டுச் செங்கல் தூளும் சாம்பலும் பரப்பினாள். கோழிகள் ஏறிப் படுக்கப் பலகை கட்டினாள். மருந்து குடித்த கோழிகளின் எச்சத்தில் பூச்சி சுருள் சுருளாக வந்து விழுந்தது. பார்த்த அப்பா "ஏ யம்மா!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார், ஆனால் அடுத்த தடவை மருந்தைக் கலக்கியவர் அவர்தான்.

கொண்டைகளில் மெல்லச் சிவப்பு ஏறியது. ஒரு நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கறுப்பி சந்து முழுக்கக் கேட்கும்படி கொக்கரித்துக்கொண்டிருந்தாள். அம்மா வெதுவெதுப்பான முட்டையை என் கன்னத்தில் வைத்து, "பாத்தியாட்டி, பொழச்சுக்கிட்டா" என்றாள்.

அதன்பின் சந்துப் பெண்கள் தங்கள் கோழிகளோடு அம்மாவிடம் வரத் தொடங்கினார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு பரேலுக்குப் போய் வந்தாள். போகப் போக என் துணைகூட அவளுக்குத் தேவைப்படவில்லை. தாதர் சந்தைக்கும் காட்கோபரில் சித்தி வீட்டுக்கும் தானே போனாள். அவள் பேசிய இந்தியில் பாதி தமிழ்தான். அதை வைத்தே எல்லோரையும் மடக்கினாள்.

சென்ற மாதம் அந்தச் சந்துக்குப் போயிருந்தேன். தோல் கொட்டகை போய்விட்டது. எங்கள் துண்டு நிலத்தின்மேல் மாடிக்கு மாடி தையல் மெஷின்கள் ஓடுகின்றன. கோழி இப்போது உரித்து, பாலிதீன் பையில் வருகிறது. குடலில் என்ன இருந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. அம்மாவும் இல்லை. காணாமற்போன இத்தனையிலும் திரும்பி வரவே வேண்டாம் என்று நான் நினைப்பது ஒன்றைத்தான்: அம்மாவின் பழைய பயத்தை.