அவசரக் கதவுக்குப் பின்னால் ஒரு செருப்பு மலை

சாகணில் ஒரு தொழிற்சாலையில் தீப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவன் நான். இதைப் படித்து முடித்ததும் அதை மறந்துவிடுங்கள்.

கராடியில் எங்கள் குடியிருப்பு ஹாலில் கொலு பஜனை. வாசலில் செருப்புகள் அலங்கோலமாகக் கிடந்தன. அழகுணர்ச்சி பொங்கி, அத்தனையையும் அள்ளிப் பின்பக்க அவசரக் கதவுக்கு வெளியே, குறுகலான நடையில் கதவிலிருந்து எதிர்ச்சுவர்வரை அடுக்கினேன்.

பஜனை நடுவில், வாசலருகே சுண்டல் சூடாக்கிய அடுப்பிலிருந்து திரைச்சீலை பற்றிக்கொண்டது. "ஆக் லகி!" தீப்பிடித்துவிட்டது என்று வாட்ச்மேன் இந்தியில் கத்தினார். புகை சூழ, எல்லோரும் பின்கதவுக்கு ஓடினோம். கூட்டம் முட்டினாலே திறக்கட்டும் என்றுதான் அந்தக் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி வைத்திருந்தார்கள். தள்ளினேன். கையளவு திறந்து நின்றுவிட்டது.

"உள்பக்கமா இழுங்க சார்!" என்றார் எதிர்வீட்டு மாமா.

"இது தள்ளுற கதவு மாமா! வெளியே செருப்பு அடைச்சிருக்கு!"

"எந்த மடையன் அங்க வெச்சான்?" என்று இருமிக்கொண்டே கேட்டாள் என் மனைவி.

நான் இன்னும் பலமாகத் தள்ளினேன். நாலைந்து பேர் சேர்ந்து தோளால் முட்டியதில் செருப்புகள் நசுங்கி வழிவிட்டன. எல்லோரும் பிழைத்தோம். வாட்ச்மேன் தீயை அணைத்துவிட்டார்.

இப்போது எந்த விசேஷத்துக்குப் போனாலும், முதலில் கதவுகளுக்கு வெளியே கிடக்கும் செருப்புகளை ஒதுக்கிவிட்டுத்தான் உட்காருகிறேன். போன வாரம் ஒரு கல்யாணத்தில் செருப்புத் திருடன் என்று பிடித்துவிட்டார்கள். பிடிக்கட்டும், கதவு முழுசாகத் திறந்தது.