பால்வீதியின் நடு உருண்டையா, நீளமா?

செல்வி, பாண்டி — போன வாரம் நீங்கள் கேட்டதற்கு அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை. ராத்திரி வானத்தில் வெள்ளையாகத் தெரிகிற பால்வீதியின் நடுப்பகுதி உருண்டை இல்லை, உலக்கை மாதிரி நீளமாக இருக்கலாம் என்று சில விஞ்ஞானிகள் சந்தேகப்படுகிறார்களாம். நூலகத்தில் படித்து வந்து சொன்னேன்.

"நாமளே அதுக்குள்ளதானப்பா இருக்கோம்? உள்ள இருந்துக்கிட்டு எப்படித் தெரியும்?" என்றாள் செல்வி.

எட்டாம் வகுப்போடு நின்றவன் என்ன சொல்வேன்... சாப்பிடப் போங்கள் என்றேன்.

சனிக்கிழமை புதுக்கோட்டையிலிருந்து கோட்டைப்பட்டினம் போயிருந்தேன் அல்லவா? நண்பர் காதர் பாய் கடையைச் சாத்தியதும் இருவரும் கடற்கரைக்குப் போனோம். விடியலில் போன படகுகள் பொழுது சாய்ந்தும் திரும்பவில்லை. காற்று வேறு மாறியிருந்தது. அன்னம்மா என்கிற பெண் கால் நனைய நின்றிருந்தார். அவர் கணவர் சூசை கடலில்.

இருட்டில் விளக்குகள் மட்டும் தெரிந்தன. இடது பக்கம் பளிச்சென்று, இடைவெளி விட்டு. வலது பக்கம் போகப் போக மங்கலாக, நெருங்கி நெருங்கி. கடைசி விளக்கு — இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி.

"அவுக எப்பவும் கடேசிலதான் வலை போடுவாக, பாய். வெளக்கு மங்கிப் போய்க் கெடக்கே. படகுல தண்ணி ஏறிருச்சா?"

"மங்கல் இல்லம்மா, தூரம்" என்றேன் நான். "வரிசை சாஞ்சு கெடக்கு. இந்த முனை கிட்ட, அந்த முனை எட்ட."

அன்னம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படகு பாக்கப் புதுக்கோட்டையில இருந்து வந்தீகளோ? எல்லா வெளக்கும் ஒண்ணுதான்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"நான்தான் தங்கச்சி வித்தேன்" என்றார் பாய். "எல்லாம் ஒரே அளவு அரிக்கன். ஒம் புருசன் மட்டும் பேரம் பேசியே என் உசுர வாங்குனான்."

அன்னம்மா சிரிக்கவில்லை. "நடுவுல மூட்டம் இருந்தா, பாய்?"

நானும் பாயும் அந்தக் கடைசி விளக்கையே உற்றுப் பார்த்தோம்.

யோசித்துப் பாருங்கள்... விஞ்ஞானிகள் படும் பாடும் இதுதானே? ஒரே அளவு ஒளியுள்ள நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, எது கிட்ட, எது எட்ட என்று பிரிக்க வேண்டும். ஒரு பக்கத்தவை பளிச்சென்றும் மறுபக்கத்தவை மங்கலாகவும் இருந்தால் — சாய்ந்து கிடக்கும் உலக்கை. ஆனால் நடுவில் தூசி மூட்டம். அதனால்தான் இந்த 1990-லும் இன்னும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

பளிச்சென்ற விளக்குகள் முதலில் கரை சேர்ந்தன. பிறகு அடுத்தவை. கடைசி விளக்கு மெல்ல மெல்லப் பெரிதாகி... சூசை இறங்கினார். விளக்கு நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது.

"என்ன, கரைக்கே வந்துட்ட? மீனுக்கா, எனக்கா?"

"வெளக்குக்கு" என்றார் அன்னம்மா. "திரியக் கொஞ்சம் தூண்டி வச்சா என்ன கொறஞ்சா போயிருவீக?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடையைத் தூக்கினார்.

எல்லோரும் போனபின் நான் மட்டும் மணலில் நின்றேன். தென்கிழக்கே, தேள் வடிவ நட்சத்திரக் கூட்டத்தின் வாலுக்குப் பக்கத்தில்தான் பால்வீதியின் நடு இருக்கிறதாம். அங்கே கரையில் நம் பக்கத்து விளக்கைப் பார்த்தபடி யார் நிற்கிறார்களோ... கையிலிருந்த டார்ச்சைத் தூக்கி, அந்தப் பக்கமாக ஒரு முறை அடித்து அணைத்தேன்.